செவலை மட்டும் வேலிக்கு வெளியே

“உங்கப்பன் மாடு மேயறதுக்குத்தான் இவ்ளோ படிச்சியாம்மா?”

பாறைமேட்டு வேலியின் இரும்புக் கதவில் சாய்ந்துகொண்டு ருத்ரப்பா இதைக் கேட்டார். அவர் கம்பெனித் தோட்டத்தின் மேஸ்திரி. பாகலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபத்தில் இரண்டும். கதவுக்கு அன்று காலைதான் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவர் சட்டைத் தோளில் அது அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘அப்படியும் இருக்குமோ’ என்கிற பார்வை. பெண்களின் சிரிப்பைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நான் சொன்னது ஒன்றுதான். ஓர் அரிய செடியைக் காப்பாற்றக் கம்பெனி போட்ட முள்கம்பி வேலியைப் பிரிக்க வேண்டும், உள்ளே மாடுகளை விட வேண்டும் என்றேன்.

மாடுகளைத் தடுக்கத்தான் அந்த வேலியையே போட்டிருந்தார்கள்.

யானை திருத்திய தொட்டி

ஓசூரைச் சுற்றி ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் நாட்றாம்பாளையத்துப் பையன்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு வேலை தேடிப் போனார்கள். இந்தக் கம்பெனி மட்டும் எதிர்த்திசையில் வந்தது. காட்டை ஒட்டிய பட்டா நிலங்களை வாங்கி, சில்வர் ஓக், நெல்லி, புளி என்று வைத்தது.

கம்பெனியின் சேர்மனுக்குக் காட்டு மிருகங்கள் மேல் பிரியம். வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியை எதுவும் நடாமல் விட வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஓடையோரம் யானை இறங்கும் வழியை அப்படியே விட்டார்கள். தேவாங்கு இருந்த முள்காட்டையும் வெட்டவில்லை. கம்பெனிக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு மிருகம் வரும். பிரியத்தில் செய்கிறாரா, காலண்டருக்காகச் செய்கிறாரா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது தெரியாது. தேவாங்குக்கும் அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

கோடையில் மிருகங்கள் குடிப்பதற்கு ஒரு சிமென்ட் தொட்டி கட்டினார்கள். இடுப்பு உயரச் சுவர். ருத்ரப்பா கூடவே நின்று கட்டிய தொட்டி. யானைகள் வந்து ஒரு பக்கச் சுவரை மிதித்து உடைத்தன. அவர் பூசினார். மறுபடி உடைத்தன. மறுபடி பூசினார். “நானா, அவுங்களா, பாத்துடறேன்” என்றார். யானைகளை எப்போதும் அவர் மரியாதையாகத்தான் குறிப்பிடுவார்.

கடைசியில் மேனேஜரே, “விட்டுடுங்க ருத்ரப்பா. அவங்களுக்குத் தெரியாததா?” என்று நிறுத்திவிட்டார். மேனேஜர் குடகுக் காப்பித் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதிகம் பேச மாட்டார்.

உடைந்த பக்கத்தில் மண் சரிந்து சாய்வு உண்டாயிற்று. அதற்குப் பிறகுதான் மானும் முயலும் கீரியும் இறங்கித் தண்ணீர் குடித்த தடங்கள் அங்கே தெரிய ஆரம்பித்தன. அதுவரை அந்தத் தொட்டியில் நாங்கள் பார்த்ததெல்லாம் விழுந்து செத்து மிதந்த அணிலும் ஓணானும்தான்.

மேடம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. என் பிராக்ரஸ் கார்டில் அப்பா வைத்த கட்டைவிரல் ரேகையை ஒரு வாத்தியார் வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். அடுத்த பரீட்சையில் அதே கார்டில் முதல் ராங்க் வந்தது. இந்த முறை நான் தூக்கிக் காட்டினேன்.

கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிப் படிப்பு. தாவரவியலை நான் கேட்டு வாங்கவில்லை. கணக்குப் பிரிவில் இடம் முடிந்துவிட்டது, இதைக் கொடுத்தார்கள். ஊரில் வந்து சொன்னபோது, “செடி கொடியப் படிக்கவா பஸ் ஏறிப் போன?” என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் செடி கொடி வாசல் வரைக்கும் வந்து நிற்கும். அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

கம்பெனிக்கு நர்சரியைப் பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் வேண்டியிருந்தது. ஓசூரிலிருந்து வந்தவர்கள் யானையின் பிளிறலைக் கேட்டதும் மூட்டையைக் கட்டினார்கள். நான் அந்தச் சத்தத்தில் பரீட்சைக்குப் படித்தவள். வேலை எனக்கு வந்தது.

அப்பாவும் அம்மாவும் அதே கம்பெனியில் கூலி வேலை. அப்பா கன்று நடக் குழி எடுப்பார். அம்மா களையெடுப்பாள். சனிக்கிழமை கூலி வாங்க அவர்கள் வரிசையில் நிற்கும்போது நான் ஆபீஸ் நாற்காலியில் இருப்பேன். அப்பா வேண்டுமென்றே “வணக்கம் மேடம்” என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவரைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்க மாட்டேன்.

கூலியைத் தவிர வீட்டில் இருந்தது செவலை. செம்மண் நிறப் பசு. கன்றாக இருந்தபோதிலிருந்து அது மேய்ந்தது பாறைமேட்டில்.

பூசணிக்காய் உடைத்த வேலி

பாறைமேடு தோட்டத்தின் மேல்கோடியில் இருக்கும் மொட்டை இடம். சரளைக்கல், நடுநடுவே புல். கம்பெனி வாங்குவதற்கு முன்பும் பின்பும் ஊர் மாடுகள் அங்கேதான் மேய்ந்தன.

கோடை மழை விழுந்ததும் அந்தச் சரளையில் விரல் உயரத்துக்கு ஒரு செடி வரும். சட்டைப் பித்தான் அளவு ஊதாப் பூ. அழுகின மீன் நாற்றம் அடிக்கும். ஈ மொய்க்கும். நாங்கள் நாத்தப்பூண்டு என்போம். மாடு முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு நகர்ந்துவிடும்.

செடிகளைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த ஒரு புரொபசரம்மா, அதன் முன்னால் சேலை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு எங்கும் எளிதில் கண்ணில் படாத செடி என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நாற்றம் தாங்காமல் கலங்கியது என்று களையெடுக்கும் பெண்கள் முடிவுசெய்தார்கள்.

சேர்மனுக்குச் செய்தி போயிற்று. உடனே வேலி. கருங்கல் கம்பங்கள், முள்கம்பி, இரும்புக் கதவு, தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய போர்டு.

எங்கள் பக்கம் எதைத் திறந்தாலும் பூசை உண்டு. வேலிக்கும் போட்டார்கள். கதவுக்கு மாலை, கீழே எலுமிச்சம்பழம். கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயைச் சுற்றி ருத்ரப்பா வாசலில் ஓங்கி உடைத்தார். குங்குமத்தோடு விதைகள் உள்ளே தெறித்தன. அந்த வருடம் வேலிக்குள் நன்றாக வளர்ந்தது அந்தப் பூசணிக்கொடி ஒன்றுதான். காய்களை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அன்றிலிருந்து மாடுகளை விரட்டுவது அவர் பொறுப்பு. அதில் அவர் யாருக்கும் தயவு காட்டியதில்லை. தனக்குப் பால் ஊற்றும் வீட்டு எருமையைப் பிடித்து மாட்டுப் பவுண்டில் அடைத்துவிட்டு, பாலில்லாத டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர். பழகின இடம் என்று கம்பிக்கு அடியில் நுழைந்த செவலையையும் அடைத்தார். அப்பா போய் அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு வந்தார். நான் நாற்காலியில் இருந்தேன். சட்டம் சட்டம்தான்.

நாற்றம் வந்த பக்கம்

அடுத்த கோடை மழைக்கு வேலிக்குள் செடிகள் குறைந்தன. அதற்கு அடுத்த மழைக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. புல் மட்டும் இடுப்பு உயரம்.

“செடி போயிடுச்சுன்னா அந்த மேட்டை ஏன் சும்மா வெச்சிருக்கணும்னு ஓசூர் ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க” என்றார் மேனேஜர். “அடுத்த மழைக்கு சில்வர் ஓக் வெச்சுடலாம்ங்கறாங்க. புரொபசரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.”

சில்வர் ஓக் நிழல் விழுந்தால் அந்த மேட்டில் நாத்தப்பூண்டு திரும்பி வராது. அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

வேலியைச் சுற்றி வெளிப்புறமாக நடந்தேன். மாடுகள் ஓடைக்கு இறங்கும் ஒற்றையடித் தடத்தில் திரும்பியபோது மூக்கில் அடித்தது. குனிந்து பார்த்தேன். சாணத்துக்கும் குளம்படிக்கும் நடுவே, மொட்டைச் சரளையில், ஊதாப் பூக்கள். வேலிக்கு வெளியே.

உள்ளே போய்ப் புல்லை விலக்கினேன். அடியில் காய்ந்த புல் பாய்போலப் படிந்திருந்தது. மண்ணுக்கு வெயிலே இல்லை. விரலால் கிளறினேன். சின்ன வெங்காயம்போலக் கிழங்குகள் இருந்தன. முளைகள் மேலே வர வழியில்லாமல் வெளுத்து வளைந்து கிடந்தன. செடி சாகவில்லை. புல்லுக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தது. மாடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருந்தவரைக்கும் அதற்கு வெயில் கிடைத்திருக்கிறது. அந்த மாடுகளைத்தான் நாங்கள் விரட்டிவிட்டோம்.

அந்தக் கிழங்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்து மேனேஜரிடம் நீட்டி, வேலியைப் பிரிக்கச் சொன்னபோதுதான் ருத்ரப்பா கதவில் சாய்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்பன் இல்லாத யானை

நான் அவர் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேனேஜரிடம் பேசினேன்.

“பாதி வேலியைப் பிரிங்க சார். பொங்கல் முடிஞ்சதுலேருந்து கோடை மழை வரைக்கும் ஊர் மாடு அந்தப் பாதியில மேயட்டும். மறுபாதி பூட்டியே இருக்கட்டும். மழைக்கப்புறம் எதுல பூ வருதுன்னு பாத்துடலாம்.”

“ஆடு?”

“ஆடு வேண்டாம் சார். அது எதையும் மிச்சம் வெக்காது. மாடு மட்டும்.”

“நோடு சார், இதப் பாருங்க” என்று ருத்ரப்பா குறுக்கே வந்தார். “இத்தினி நாளா மாட்ட வெரட்டி வெரட்டி ஊர்ல எனக்கு ஒருத்தன் டீ வாங்கிக் குடுக்க மாட்டேங்கறான். இப்ப நானே ‘வா தாயி’ன்னு கதவத் தொறக்கணுமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேனேஜர் கிழங்கை வாங்கி அதில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

“யானை உடைச்ச தொட்டியை அப்படியே விட்டோமில்ல? இதையும் ஒரு வருஷம் விட்டுப் பாப்போம்.”

“யானையோட அப்பன் கம்பெனியில வேலை செய்யல சார்” என்றார் ருத்ரப்பா.

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். அம்மாவும் அவர்களோடு இருந்தாள். அவள் குனிந்து களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

“எங்கப்பா மாடு உள்ள வராது சார்” என்றேன். “ஊர்ல எல்லார் மாடும் வரலாம். செவலை மட்டும் வராது.”

யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானே சொன்னேன். வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகு திருப்பி எடுக்கிற பழக்கமும் எனக்கில்லை.

கல்யாண வீட்டு வாசல்

அப்பா செவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஊரு மாடெல்லாம் போவலாம்?”

“ஆமாப்பா.”

“செவலை எந்த ஊரு மாடு?”

“அது நம்ம மாடுப்பா.”

“அதான் கேக்கறன். ஊரே கல்யாணத்துக்குப் போவுது. பொண்ணுக்கு அப்பன் மட்டும் வாசல்ல நிக்கணுமா?”

“பொண்ணப் படிக்க வெச்சா மாட்டுக்குப் புல்லு கெடைக்கும்னு உனுக்கு யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். “போய் அறுத்துக்கினு வா.”

மேஸ்திரி என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் செவலையின் கழுத்தைச் சொறிந்தார்.

“சரி, அறுத்துக்கினு வர்றன். மேஸ்திரி சொன்னதுக்காவ இல்ல. நாலு பேரு முன்னாடி நீ வாயால சொல்லிட்ட. அதுக்காவ.”

பொங்கலுக்குப் பிறகு பாதி வேலியைப் பிரித்து, அந்தக் கம்பியை நடுவில் குறுக்கே கட்டினார்கள். ஊர் மாடுகள் திருவிழாவுக்குப் போவதுபோல மேட்டில் ஏறின. செவலையை அப்பா வெளியே கட்டிப்போட்டிருப்பார். அது கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தும். “காவேரி அக்கா, உங்க செவலை இன்னும் டிகிரி முடிக்கலியா? உள்ள உட மாட்றீங்களே!” என்று தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் என்னைக் கேட்பார்கள்.

வேலை முடிந்ததும் அப்பா அரிவாளோடு ஓடைக்குப் போவார். கோடை முற்றிய பிறகு பச்சைப் புல் இருந்த இடம் அது ஒன்றுதான். யானை இறங்குகிற வழியும் அதுதான். ஒருநாள் அந்திக்கு முன்பே வெறும் கையோடு, மூச்சு வாங்க வந்தார். துண்டைக் காணோம். முழங்காலில் ரத்தம்.

“புல்லுக்கட்ட யானை எடுத்துக்கிச்சு” என்றார். “அது கம்பெனிக்கு வேண்டிய ஆளு. நான் இன்னா கேக்க முடியும்?”

அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் புது அரிவாளோடு போனார். நான் தடுக்கவில்லை. செவலையை உள்ளே விட்டிருந்தால், மழைக்குப் பிறகு எத்தனை பூ வந்தாலும் அது என் அப்பன் மாட்டுக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் பேச்சு நிலைத்திருக்கும். அந்த ஒரு வருடத்துக்கு நான் சொன்னது சரி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு

அந்த வருடம் மழை தாமதமாக வந்தது. வந்த பிறகும் நான் மேட்டுக்குப் போகவில்லை. நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்து எதுவும் இல்லையென்றால் என்ன செய்வது என்று இருந்தது.

ஒரு காலையில் ருத்ரப்பா நர்சரி வாசலில் வந்து நின்றார்.

“ஏனம்மா, வா. மூக்கப் புடிச்சிக்கிட்டு வா.”

முன்னால் அவர் நடந்தார். மேட்டை எட்டும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. திறந்துவிட்ட பாதியில் கால் வைக்க யோசிக்க வேண்டியிருந்தது. சரளை முழுக்க ஊதா. பூட்டியிருந்த பாதியில் இரண்டு பேரும் குனிந்து குனிந்து தேடினோம். கம்பத்தின் அடியில், புல் மெலிந்திருந்த இடத்தில், ஒரே ஒரு செடி. அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

“மாடு நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரிடம் நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

புரொபசரம்மா வந்தார், இந்த முறை படுத்தே பார்த்தார். சேர்மன் வந்து படம் எடுத்துக்கொண்டார். மூலையில் சாணம் தெரிந்த படம். காலண்டரில் அந்த மூலையை வெட்டிவிட்டார்கள். சில்வர் ஓக் கன்றுகள் கீழ்ச்சரிவுக்குப் போயின. மேட்டை மேடாகவே விட்டுவிடும்படி ஓசூரிலிருந்து உத்தரவு வந்தது.

மழை முடிந்து, விதை விழுந்து, புல் முற்றிப் பழுத்தது. அடுத்த பொங்கல் கழிந்ததும் மிச்சக் கம்பியையும் பிரித்தார்கள். ருத்ரப்பாவே சுருட்டினார். இரும்புக் கதவு மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் வேலியில்லை. மாடுகள் கதவைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போயின. அவர் பழக்கத்தில் கதவின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வருடம் அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை. தாராளமாகச் சாயலாம்.

நான் மேலே ஏறி வந்ததைப் பார்த்து, “ஏனம்மா, இந்த வருஷமும் உங்கப்பா மாடு வெளியதானே?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பக்கத்தில் களையெடுக்கும் பெண்கள் இருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

“காலையிலேயே உள்ள போயிடுச்சு மேஸ்திரி” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “நான்தான் ஓட்டிக்கிட்டு வந்து விட்டேன்.”

அவர் திரும்பி மேட்டைப் பார்த்தார். பழுத்த புல்லுக்கு நடுவே செம்மண் நிறத்தில் ஒரு முதுகு தெரிந்தது. பக்கத்துப் பாறையில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அரிவாளை அவர் கொண்டுவரவில்லை.